பி.ஆர். கணக்கில் மூன்று நாடுகள்: அக்கா மகளுக்காகப் போட்டுப் பார்த்தது

அக்கா மகளுக்கு 25 வயது. மெக்கானிக்கல் இன்ஜினியர். கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இரண்டு வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள், "வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் படிச்சிட்டு அங்கேயே செட்டில் ஆகணும் சித்தி. எந்த நாட்டுல பி.ஆர். சீக்கிரம் கிடைக்கும்?" என்று கேட்டாள். பி.ஆர். என்றால் ஒரு நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. கையில் ஒரு கன்சல்டன்சி கொடுத்த வண்ணத் தாள். ஆறு நாட்டுக் கொடிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை டிக்.

வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. காரணம் என் சித்தப்பா மகன். பி.இ. முடித்த கையோடு 2022-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ சேர்ந்தான். சேர்த்துவிட்ட ஏஜென்ட், 2021 பிப்ரவரி 13 அன்று பி.ஆருக்காக நடந்த ஒரே ஒரு ஆள்தேர்வைக் காட்டித்தான் வீட்டைச் சம்மதிக்க வைத்தார். அன்று கனடா 1,200-க்கு 75 மதிப்பெண் வைத்திருந்தவரைக்கூட விண்ணப்பிக்க அழைத்தது, ஒரே நாளில் 27,332 பேரை. கோவிட் காலம், எல்லை மூடிக் கிடந்தது. நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்தவர்களை வைத்தே அந்த வருட இலக்கை நிரப்ப வேண்டிய நெருக்கடி. அப்படியொரு நாள் அதற்குப் பிறகு வரவே இல்லை. தம்பியின் மதிப்பெண் இன்று 435. அவனுடைய வேலை அனுமதி 2027-இல் முடிகிறது. சித்தப்பா அடமானம் வைத்த வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

அதனால் அக்கா மகளிடம் முதலில் சொன்னது இதுதான்: படிப்பு எந்த நாட்டிலும் பி.ஆர். வாங்கித் தராது. படித்து முடித்தபின் அந்த நாட்டில் தங்கி வேலை தேடக் கொஞ்ச காலம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்தக் காலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் பி.ஆர். இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்தின் ரேங்கைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும். படித்தபின் எத்தனை மாதம் தங்கலாம்? பி.ஆரை முடிவு செய்வது யார், முதலாளியா, மதிப்பெண் பட்டியலா, எழுதி வைத்த சட்டமா? அந்த நாள் வரும்போது உனக்கு வயது என்ன, எந்த மொழி தெரிந்திருக்கும்? இந்த மூன்றையும் வைத்து கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி மூன்றையும் அவளுக்காகவே கணக்குப் போட்டோம். எல்லாம் 2026 தொடக்க நிலவரம்.

கனடாவில் முடிவு செய்வது மதிப்பெண் பட்டியல். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை 2015 ஜனவரியிலிருந்து இருக்கிறது. 1,200-க்கு உனக்கு எவ்வளவு என்று பார்த்து மேலிருந்து அழைப்பார்கள். அவள் 26 வயதில் போய், இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடித்து, ஒரு வருடம் அங்கே தன் துறையில் வேலை பார்த்து, 29 வயதில் பட்டியலில் நிற்கிறாள் என்று வைத்துக்கொண்டோம். வயதுக்கு 110. மாஸ்டர்ஸுக்கு 135. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் 124. கனடாவில் ஒரு வருட வேலைக்கு 40. நல்ல ஆங்கிலமும் மேல்படிப்பும் சேர்ந்திருப்பதற்கு 50. அங்கே படித்த மாஸ்டர்ஸ் என்பதற்குத் தனியாக 30. இதுவரை 489.

இந்த 489-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 2025-இல் கனடிய வேலை அனுபவப் பிரிவில் கட் ஆஃப் 515-க்கும் 550-க்கும் நடுவில்தான் ஊசலாடியது; ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 530-களிலேயே நின்றது. மீதி எங்கிருந்து வரும்? கோவையிலிருந்துதான். இந்தியாவில் பார்த்த வேலைக்கும் மதிப்பெண் உண்டு. இரண்டு வருட அனுபவத்தோடு போனால் 38 கூடி 527. மூன்று வருடம் முழுதாக முடித்துவிட்டுப் போனால் 50 கூடி 539. 2025 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இருந்த கட் ஆஃபுக்குக் கீழே நிற்பதா மேலே நிற்பதா என்பதை அந்த மூன்றாவது வருடம் முடிவு செய்திருக்கும். "காலேஜ் முடிச்ச உடனே போயிடணும், லேட் பண்ணாதே" என்று நம் வீடுகளில் அவசரப்படுத்துகிறோமே, அதில் தம்பி இழந்தது இந்த 50 மதிப்பெண்ணை. அதே சமயம் ரொம்பவும் காத்திருக்க முடியாது. 30 வயதைத் தொட்டதும் வருடத்துக்குக் குறைந்தது ஐந்து மதிப்பெண் குறைய ஆரம்பிக்கும், 45-இல் வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம்.

முன்பு அங்கே ஒரு கம்பெனி வேலை தருகிறேன் என்று கடிதம் கொடுத்தால் 50 மதிப்பெண் கிடைத்தது. அந்தக் கடிதத்தைக் காசுக்கு விற்கும் வியாபாரம் பெருகிப்போய், 2025 மார்ச் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். யாராவது இன்னமும் "ஜாப் ஆஃபர் லெட்டர் ஏற்பாடு பண்ணித் தர்றோம்" என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

கனடாவில் கவனிக்க வேண்டிய பெரிய பிளவு, பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருக்கிறது. பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் முடித்தால், படிப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும், மூன்று வருட வேலை அனுமதி உண்டு. 2026 முதல் அரசுப் பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு ஸ்டடி பெர்மிட்டுக்கு மாகாண அரசின் அத்தாட்சிக் கடிதமும் வேண்டியதில்லை. கல்லூரி டிப்ளமோவுக்கோ, 2024 நவம்பர் 1-க்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, குறிப்பிட்ட பாடப்பிரிவுகளில் படித்தால் மட்டுமே படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. பிசினஸ் மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடாலிட்டி என்று பொதுவான டிப்ளமோவில் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பாடம் பட்டியலில் இருக்கிறதா என்று கனடா அரசின் இணையதளத்தில் தானே போய்ப் பார்க்க வேண்டும். வங்கியில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையும் 10,000 டாலரில் இருந்து 2024-இல் 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆகிவிட்டது. 2025-இல் ஐந்து லட்சம் பேருக்கு பி.ஆர். கொடுப்பதாக ஒருகாலத்தில் திட்டம் வைத்திருந்த நாடு அதை 3,95,000-ஆகக் குறைத்தது, 2026-க்கு 3,80,000.

இரண்டு பக்க வாசல்கள் உண்டு. ஒன்று பிரெஞ்சு. மிதமான அளவுக்குப் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று பட்டியலிலிருந்து தனியாக ஆள்தேர்வு நடத்துகிறார்கள். 2025-இல் அதன் கட் ஆஃப் பெரும்பாலும் 380-க்கும் 480-க்கும் இடையில். தம்பியின் 435-இல் பிரெஞ்சு சேர்ந்தால் கிட்டத்தட்ட 500-க்குப் போகும். அவன் இப்போது ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு அதைத்தான் படிக்கிறான். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இங்கே உட்கார்ந்து நிதானமாகப் படித்திருக்க வேண்டியதை அங்கே தூக்கத்தை விற்றுப் படிக்கிறான் என்பதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. இன்னொரு வாசல் அட்லாண்டிக் கரையில் உள்ள நான்கு சின்ன மாகாணங்கள். ஹாலிஃபாக்ஸிலோ செயின்ட் ஜான்ஸிலோ படித்து, பட்டம் பெறும் முன் அங்கே குறைந்தது 16 மாதம் வாழ்ந்தவர்களுக்கு, அட்லாண்டிக் திட்டத்தில் வேலை அனுபவம் கேட்பதில்லை. அங்கீகாரம் பெற்ற முதலாளி ஒருவர் வேலை தந்தால் போதும். டொரோன்டோவின் கூட்டத்தில் நின்று முட்டி மோதுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நம்மூர்ப் பையன்கள் சொந்தக்காரர் இருக்கும் ஊரைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஆஸ்திரேலியாவும் மதிப்பெண் நாடுதான். ஆனால் அங்கே கணக்குப் போட்டபோது எங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அவள் படிக்கவே போகாமல், இங்கிருந்தே விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்தோம். 25 முதல் 32 வயதுக்குள் 30. டிகிரிக்கு 15. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கிலும் 8 எடுத்தால் 20. மணமாகாதவருக்கு 10. மூன்று வருட வேலைக்கு 5. பிறகு, தமிழுக்கு 5! நாட்டி என்ற அமைப்பு நடத்தும் மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழும் ஒரு மொழி. இரண்டு உரையாடல்கள், மொத்தம் 90-க்கு 63 எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் டாக்டரோ வக்கீலோ பேசுவதைத் தமிழிலும், தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லிக்காட்ட வேண்டும். "தமிழ்தானே" என்று போய் உட்கார்ந்தால் காப்பீடு, ஜாமீன், வாடகை ஒப்பந்தம், ரத்தக்கொதிப்பு என்று வரும்போது நாக்கு ஆங்கிலத்துக்கே ஓடும். வீட்டில் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இருந்தால் எளிது.

ஆக மொத்தம் 85. மாநிலம் ஒன்று பரிந்துரைத்தால் 190 என்ற பி.ஆர். விசாவுக்கு 5 சேர்ந்து 90, சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளுக்கான 491 என்ற தற்காலிக விசாவுக்கு 15 சேர்ந்து 100. சரி, அங்கேயே போய் மாஸ்டர்ஸ் படித்தால் எவ்வளவு கூடும்? பி.இ.க்கும் மாஸ்டர்ஸுக்கும் ஒரே 15தான். அங்கே இரண்டு வருடம் படித்ததற்கு 5, அங்கே ஒரு வருடம் வேலை பார்த்ததற்கு 5. சின்ன ஊரில் படித்தால் இன்னொரு 5. கட்டணம் மட்டும் இரண்டு வருடத்துக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் படிப்புக்கு 10, 15 மதிப்பெண்தான் பலன். கன்சல்டன்சி தாளில் இதைப் போட மாட்டார்கள்.

முழு உண்மை என்னவென்றால், பல மாநிலங்கள் தங்கள் மண்ணில் வாழ்ந்து வேலை பார்ப்பவர்களையே முதலில் பரிந்துரைக்கின்றன. அதனால் அங்கே போய் நிற்பதற்கு மதிப்பெண்ணைத் தாண்டிய ஒரு மதிப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 என்பது வரிசையில் நிற்க டோக்கன் மாதிரி. 65-ஐ வைத்துக்கொண்டு இன்ஜினியர் யாரும் நம்பிக்கையோடு காத்திருக்க முடியாது. ஆனாலும் விருப்பம் தெரிவிக்கும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் தகுதி மதிப்பீடு வாங்கி, தேர்வுகளை எழுதி, பெயரைப் பதிந்துவிட்டு, பிறகு கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

படிக்கவே போகிறவர்களுக்கு: மாஸ்டர்ஸ் முடித்த இந்தியர்களுக்கு, இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின்படி, மூன்று வருடம் தங்கி வேலை பார்க்கும் 485 விசா உண்டு. மற்ற பல நாட்டவருக்கு இரண்டுதான். 2024 ஜூலை முதல் அதற்கு வயது வரம்பு 35. முன்பு 50 இருந்தது. 34 வயதில் இரண்டு வருட எம்.பி.ஏ. படிக்கக் கிளம்புகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் போனால் பட்டம் கையில் இருக்கும், தங்க விசா இருக்காது. மாணவர் விசாக் கட்டணம் மட்டுமே இப்போது 2,000 ஆஸ்திரேலிய டாலர்; விசா மறுத்தாலும் திரும்பி வராது.

ஜெர்மனிக்கு வந்தபோது அக்கா மகள் முகம் சுளித்தாள். "மொழி தெரியாதே சித்தி." எனக்கோ கணக்கில் மிகவும் பிடித்த நாடு அதுதான். அங்கே கட் ஆஃப் இல்லை, குலுக்கல் இல்லை. சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஜெர்மனியில் பட்டம் பெற்றவர், படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்து, 24 மாதம் ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, பி1 அளவு (ஏ1, ஏ2-க்கு அடுத்த நிலை) ஜெர்மன் தெரிந்திருந்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பட்டதாரிகளுக்கான புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் இருந்தால் பி1-ஓடு 21 மாதமே போதும். பக்கத்தில் நிற்பவன் 540 வாங்கியிருக்கிறானா என்ற கவலை இல்லை. உன் பங்கை நீ செய்தால் உனக்குக் கிடைக்கும். அங்கே பட்டம் வாங்கியதும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் என்று பார்த்தாலும் வேறு உலகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பியர் அல்லாதவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-இலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,904 யூரோ, ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், போட்டு வைக்க வேண்டும். அது யாருக்கும் போய்ச் சேரும் பணமில்லை. மாதம் 992 யூரோவாக உனக்கே திரும்பி வரும். அரசுப் பல்கலைக்கழகங்களிடம் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் கிடைப்பதில்லை. அந்த வண்ணத் தாளில் ஜெர்மனிக் கொடிக்குக் கீழே ஏன் தனியார் பல்கலைக்கழகங்களின் பெயர்களாகவே இருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. இந்தியர்கள், தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்காமல் மாணவர் விசா கேட்கவே முடியாது, அதற்கே மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிட வேண்டும். ஆங்கிலத்தில் மாஸ்டர்ஸ் நிறைய இருக்கின்றன. ஆங்கிலத்தில் வேலைகள் அந்த அளவுக்கு இல்லை. பம்ப், வால்வு, கியர் செய்யும் நடுத்தரக் கம்பெனிகள்தான் அந்த நாட்டின் முதுகெலும்பு, நம்ம கோவை மாதிரியே. அங்கே மீட்டிங்கும் மெஷின் ஷாப்பும் ஜெர்மனில்தான் நடக்கும். கார்த் தொழில் தடுமாறுகிறது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. கார் டிசைன் என்று மட்டும் கனவு கண்டு போகிற மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு இது நல்ல காலமில்லை. புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு புளூ கார்டு வேண்டுமென்றால் 2026-இல் வருடச் சம்பளம் சுமார் 45,900 யூரோ இருக்க வேண்டும். மொழி தெரியாமல் கிடைக்கும் சின்ன வேலைகளில் அது வராது. ஏ1 கூட இல்லாமல் விமானம் ஏறியவர்கள் 18 மாதத்தை உணவு டெலிவரியிலேயே கழித்துவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

மற்ற நாடுகளில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. பிரிட்டனில் ஒரு வருடத்தில் மாஸ்டர்ஸ் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் மாணவராகவும், படிப்புக்குப்பின் தரும் கிராஜுவேட் விசாவிலும் கழித்த காலம் வேலை விசா வழியான நிரந்தர உரிமைக்கான ஐந்து வருடத்தில் சேராது. அந்த ஐந்தையே பத்தாக்க 2025 மே மாதம் அரசு திட்டம் வெளியிட்டது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு கிராஜுவேட் விசாவும் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகிறது. பி.ஆருக்காகப் போகிறவர் அங்கே போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அயர்லாந்து ஐ.டி., மருந்துத் துறைக்காரர்களுக்கு நல்லது: மாஸ்டர்ஸுக்குப்பின் இரண்டு வருடம் தங்கலாம், கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் என்ற வேலை பெர்மிட்டில் இரண்டு வருடம் முடித்தால், முதலாளியை நம்பியிருக்க வேண்டாத ஸ்டாம்ப் 4 என்ற வசிப்பு அனுமதி கிடைக்கும். டப்ளினில் வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. நியூசிலாந்தில் பி.ஆருக்குத் தகுதிக்கேற்ற வேலையோடு ஆறு புள்ளி போதும், அதில் மாஸ்டர்ஸே பெரும்பகுதியைத் தரும், ஆனால் வேலைச் சந்தை சின்னது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசா வருடத்துக்கு 85,000தான். அங்கே பி.ஆர். என்பது கிரீன் கார்டு; அந்த வரிசையில் மேல்படிப்பு படித்தவர்களுக்கான இபி-2 பிரிவு இந்தியர்களுக்கு 2025-இல் நகர்ந்துகொண்டிருந்தது 2012, 2013-இல் இடம்பிடித்தவர்களின் முறை. சம்பாதிக்கப் போகலாம். நிரந்தரத்துக்கு அது வழியில்லை.

கடனைப் பற்றி அக்காவிடம் தனியாகப் பேசினேன். 45 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை 60 ஆயிரத்தைத் தாண்டும், படிக்கும்போது ஏறிய வட்டியைச் சேர்க்காமலே. தவணை, படிப்பு முடிந்து ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தொடங்கிவிடும். பி.ஆர். கடிகாரம் அதைவிட மெதுவாக ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள்தான் துறைக்குச் சம்பந்தமில்லாத வேலையில் சிக்கிக்கொள்கிறார்கள். கிடங்கிலும் பெட்ரோல் பங்க்கிலும் பார்க்கும் வேலைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மதிப்பெண் இல்லை. கடன் பெரிதாகப் பெரிதாக பி.ஆர். வாய்ப்பே குறைகிறது என்பதை அக்கா அன்றுதான் யோசித்துப் பார்த்தாள்.

எல்லாருக்கும் இதே முடிவு வராது. எங்கள் தெருவில் ஒரு பெண் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடமாக ஐ.சி.யு.வில் இருக்கிறாள். 20 லட்சம் கட்டி ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் படிக்கப் பார்த்தாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவள் படிக்க வேண்டியது ஜெர்மன் மொழி மட்டும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்து அனுப்புகிறது. 30-ஐத் தாண்டிய, மொழி படிக்க நேரமில்லாத ஐ.டி.காரருக்கு அயர்லாந்து பொருந்தலாம். பிரெஞ்சு ஓரளவு தெரிந்த புதுச்சேரிப் பிள்ளைக்கு கனடாதான்.

அக்கா மகளுக்கு நான் சொன்ன வரிசை: ஜெர்மனி முதலில், கிளம்பும் முன் பி1 முடித்திருந்தால். இரண்டாவது கனடா, பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் மட்டும், முடிந்தால் அட்லாண்டிக் பக்கம். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்காமல் விண்ணப்பம், தமிழ்த் தேர்வோடு. மூன்றுக்கும் ஒரே தயாரிப்புதான்: கோவையில் மூன்றாவது வருடத்தை முடிப்பது. அவளுக்கு முதலில் ஏமாற்றம். இன்னும் எட்டு மாதம் இதே கேபினா என்றாள். 527, 539 என்று எழுதிய காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

இப்போது சனி, ஞாயிறு ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள், ஏ2 நடக்கிறது. ஏபிஎஸ்ஸுக்கு மதிப்பெண் பட்டியல்களைச் சேர்த்துவிட்டாள். கம்பெனி ஹெச்.ஆரிடம் பதவி, செய்யும் வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் நான்கும் லெட்டர்ஹெட்டில் எழுதிய அனுபவக் கடிதத்தைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். "இவர் இங்கே பணிபுரிந்தார்" என்று இரண்டு வரி எழுதிய வழக்கமான ரிலீவிங் லெட்டரை கனடாவும் ஏற்காது, ஆஸ்திரேலியாவும் ஏற்காது. வேலையை விட்டு வந்தபின் அந்த நான்கு விவரங்களுக்காக ஹெச்.ஆர். வாசலில் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து வாங்கி, சம்பள ரசீதுகளோடு சேர்த்து, ஒரு பிரதி என் பீரோவிலும் வைத்திருக்கிறாள்.